வேகச் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

வந்த இடத்தில் வாழ – மாதப் பத்தி



சென்ற இதழில் பஸ், ரயில் செலவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அண்ணை, சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறேன். கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. முந்நூறு பவுணுக்கும் இருக்கிறது, மூவாயிரம் பவுணுக்கும் இருக்கிறது. எதை வாங்குவது?" இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. லண்டன் பஸ் கட்டணம் 2023 மார்ச்சில் 1.75 பவுண் ஆக்கப்பட்டது. அந்தக் கட்டணத்தில் போக ஒன்று, வர ஒன்று என்றால் நாளுக்கு 3.50. கிழமையில் ஐந்து நாள் வேலைக்கு 17.50. வருடத்தில் 48 கிழமை வேலை செய்தால் 840 பவுண். ஒரு வருடப் பஸ் காசு ஒரு நல்ல சைக்கிளையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் வாங்கப் போதும்.

காசை விடப் பெரிய விஷயம் நேரம். எங்கள் ஆட்களில் பலருக்குக் காலை ஆறு மணி ஷிப்ற். ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. ஏஜென்சி மூலம் வேலை செய்பவர் பத்து நிமிடம் பிந்திப் போனால், "இன்று ஆள் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைய சம்பளமும் போய்விடும். அடுத்த கிழமை கூப்பிடுவார்களோ தெரியாது. சொந்தச் சைக்கிள் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் பாதி குறையும்.

எங்களுக்குச் சைக்கிள் புதிய சாமான் இல்லை. யாழ்ப்பாணத்தில் றலியும் லுமாலாவும் இல்லாத வீடு குறைவு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் இல்லாதபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது மூட்டை முடிச்சுகளை எத்தனையோ பேர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள். அங்கே சைக்கிளில் பள்ளிக்கூடம் போன அக்காமார் இங்கே வந்ததும் அதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. இந்தப் பத்தி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்களுக்கு உண்மையில் எது தேவை?

வளைந்த ஹாண்டில், மெல்லிய ரயர், பாரம் குறைந்த பிறேம், இதைத்தான் இங்கே "றோட் பைக்" என்கிறார்கள். ஊரில் பார்த்த றலி பதினெட்டு, இருபது கிலோ வரும். நடுத்தர விலை றோட் பைக் பத்து, பதினொரு கிலோதான். அதே மிதிக்கு இது கூடத் தூரம் போகும்.

ஆனால் எல்லோருக்கும் இது தேவையில்லை. எட்மண்டன் கிறீனில் இருந்து பொண்டர்ஸ் எண்டுக்குப் போவதென்றால் இரண்டு மைல் அளவுதான். அதற்கு நேர் ஹாண்டில் உள்ள "ஹைபிறிட்" போதும். விலையும் குறைவு, சாமானும் கட்டலாம். ஒரு வழிக்கு ஐந்து மைலுக்கு மேல் ஓடுகிறவருக்குத்தான் றோட் பைக்கின் பலன் தெரியும். எட்மண்டன் கிறீனில் இருந்து லிவர்பூல் ஸ்ரீற் பக்கம் துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கு எட்டு, ஒன்பது மைல். மணிக்கு 12 மைல் ஓடினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிறிங் வைத்த, மலிவு விலை மலைச் சைக்கிள். பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரிக் கம்பீரமாக இருக்கும். பாரம் கூட. நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிறிங் விழுங்கிவிடும். எட்மண்டனில் மலை ஏது?

காசைப் பிரிப்பது எப்படி?

கையில் 500 பவுண் இருக்கிறது என்று வைப்போம். முழுவதையும் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டு வந்தால், பூட்டும் லைற்றும் வாங்க மறுபடி கடன் பட வேண்டிவரும். நான் சொல்வது இப்படி:

சைக்கிள் – 350
நல்ல பூட்டு – 45
முன், பின் லைற் – 25
ஹெல்மற் – 25
மட்காட் – 25
பம்ப், மேலதிக ரியூப், ரயர் கழற்றும் நெம்பு – 30

மொத்தம் 500. உங்கள் கையில் 700 இருந்தால் சைக்கிளின் பங்கைக் கூட்டுங்கள். 300 தான் இருந்தால் சைக்கிளின் பங்கைக் குறையுங்கள். பூட்டிலும் லைற்றிலும் கை வைக்க வேண்டாம்.

350 பவுணுக்குப் புதிய றோட் பைக் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் சில்லும் பிறேக்கும் தரம் குறைந்ததாக இருக்கும். அதே காசுக்கு, நாலைந்து வருடம் பாவித்த நல்ல வண்டி கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்கி, நாலு நாள் ஓடிவிட்டு, சாய்த்து வைத்திருக்கும் ஆட்கள் இந்த நாட்டில் நிறைய. அந்த வண்டிகளைத்தான் நாங்கள் தேட வேண்டும். ஸ்பெஷலைஸ்ட் அலே, ஜயன்ற் டிபை, ட்ரெக், போர்ட்மன், கரேரா, ட்ரைபன் என்ற பெயர்கள் பாவித்த வண்டி விளம்பரங்களில் அடிக்கடி வரும். பெயரைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. இவற்றுக்கு உதிரிச் சாமான் எந்தக் கடையிலும் எடுக்கலாம் என்பதே காரியம்.

பார்க்க வேண்டிய ஐந்து விஷயங்கள்

ஒன்று, அளவு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் ஆட்கள் அநேகர் இங்கத்தையவர்களை விட உயரம் குறைவு. விற்கிறவர் தன்னிடம் உள்ளதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். பொதுவாக 5 அடி 2 அங்குலம் முதல் 5 அடி 5 வரை உள்ளவருக்கு 50 – 52 சென்ரிமீற்றர் பிறேம். 5 அடி 8 வரை 52 – 54. 5 அடி 11 வரை 54 – 56. கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். ஆகவே ஏறி ஓடிப் பாருங்கள். இரண்டு காலும் நிலத்தில் ஊன்றி நிற்கும்போது நடுப் பார் உடம்பில் முட்டக் கூடாது. சீற்றில் இருந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடலை அடியில் கொண்டுபோனால் கால் நேராக நிமிர வேண்டும். இதுவே சீற்றின் சரியான உயரம். ஹாண்டிலைப் பிடிக்க எட்டி எட்டி இழுபட வேண்டியிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடுங்கள். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வரும் நாரிக்கு இன்னொரு நோவு தேவையில்லை.

இரண்டு, பிறேம். அலுமினியம் போதும். முன் போர்க் மட்டும் கார்பனாக இருந்தால் கைக்கு அதிர்வு குறையும். முழுக் கார்பன் பிறேமைப் பாவித்ததாக வாங்க வேண்டாம். விழுந்து உள்ளே வெடித்திருந்தாலும் வெளியே தெரியாது. பழைய இரும்பு பிறேம் நல்லதுதான், உறுதியானது. ஆனால் சீற் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். இறுகியிருந்தால் ஒருபோதும் உங்கள் உயரத்துக்கு மாற்ற முடியாது.

மூன்று, மட்காட் பூட்டும் ஓட்டை. இதை ஒருவரும் கேட்பதில்லை. பின் சில்லின் அச்சுக்குப் பக்கத்தில் பிறேமில் சிறிய மரை ஓட்டைகள் இருக்க வேண்டும். பந்தயச் சைக்கிள்கள் சிலவற்றில் அவை இருக்காது. இருந்தால் மட்காட்டும் கரியரும் பூட்டலாம். இல்லையென்றால் லண்டன் மழையில் முதுகு முழுக்கச் சேறோடுதான் வேலைக்குப் போக வேண்டும். ரயரின் அகலத்தையும் பாருங்கள். 28 மில்லிமீற்றர் போகக்கூடிய வண்டி நல்லது. இங்கத்தைய றோட்டில் குழிகள் குறைவில்லை.

நான்கு, கியர். ஷிமானோ கம்பனியின் சாமான்களில் கிளாரிஸ் என்றால் பின்னுக்கு 8 பல்லுச் சில்லு, சோரா என்றால் 9, தியாக்ரா என்றால் 10. இலக்கம் கூடக் கூட விலையும் கூடும், செயினின் விலையும் கூடும். வேலைக்குப் போய்வர 8 தாராளம். எட்மண்டன் லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிற தட்டையான இடம். ஹைகேற் முருகன் கோயிலுக்குச் சைக்கிளில் போக நினைக்கிறவர்தான் ஆர்ச்வே றோட் ஏற்றத்துக்கு இலேசான கியர் பார்க்க வேண்டும். அவர் பின்னுக்கு 32 பல் உள்ளதாக எடுத்தால் இறங்கித் தள்ளாமல் கோயிலடிக்குப் போகலாம்.

ஐந்து, பிறேக். றிம்மைப் பிடிக்கும் பிறேக், டிஸ்க் பிறேக் என இரண்டு வகை. டிஸ்க் மழையில் நன்றாகப் பிடிக்கும், விலை கூட. றிம் பிறேக்கை வீட்டில் நாங்களே திருத்தலாம். இறப்பர் கட்டை சில பவுண்தான். குறைந்த காசில் றிம் பிறேக்கே போதும். ஈரத்தில் கொஞ்சம் முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். இந்த நாட்டில் வலக்கைப் பிடி முன் பிறேக். ஐரோப்பாவில் இருந்து வந்த வண்டியில் மாறி இருக்கும். ஓட முதல் பாருங்கள்.

பாவித்த வண்டியைச் சோதிப்பது

முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹாண்டில் தண்டில் "டக் டக்" என்றால் அங்கே பெயரிங் ஆட்டம். பெடல் தண்டை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். சில்லைத் தூக்கிச் சுழற்றினால் நெளியாமல் ஓட வேண்டும். றிம்மின் பக்கத்தைத் தடவினால் உள்ளே குழிந்திருந்தால் அது தேய்ந்த றிம், மாற்றச் செலவு வரும். முன் தண்டும் பாரும் ஒட்டும் இடத்தில் பெயின்ற் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் மோதிய வண்டி. வாங்காதீர்கள். செயினின் தேய்வைப் பார்க்கும் சிறு அளவுகோல் சில பவுணுக்குக் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கலாம்.

களவுச் சைக்கிள் கவனம்

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள்.

எங்கள் வேலைத்தலத்தில் ஒரு தம்பி. ஒரு ஸ்ரேசனுக்கு வெளியே நின்ற ஒருவனிடம் 120 பவுணுக்கு ஒரு வண்டி வாங்கினார். கடையில் அது 800 பவுணுக்குக் குறையாது. மூன்றாம் மாதம் உரியவர் றோட்டில் வண்டியை அடையாளம் கண்டு பொலிசுக்கு அறிவித்துவிட்டார். வண்டியும் போனது, காசும் போனது. அதைவிட, பொலிஸ் விசாரித்த அன்று அந்தத் தம்பி பட்ட பயம் சொல்லி முடியாது. அவருடைய வழக்கு அப்போதும் உள்துறை அமைச்சில் கிடந்தது.

சட்டம் இதுதான். களவுச் சாமான் என்று தெரிந்தோ நம்பியோ வாங்குவது 1968 ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி குற்றம். தெரியாமல் வாங்கினால் குற்றமில்லை. ஆனால் வண்டி உரியவருக்கே போகும். உங்கள் காசை விற்றவனிடம்தான் தேட வேண்டும். அவன் எங்கே இருப்பான்? குற்றப் பதிவு ஒன்று விழுந்தால் நாளைக்குப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். நூறு பவுண் மிச்சம் பிடிக்கப் போய் அந்தச் சிக்கலில் மாட்ட வேண்டுமா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். றோட்டில், கார் நிறுத்தும் இடத்தில் வைத்து வாங்காதீர்கள். விற்பவரின் வீட்டுக்குப் போங்கள். முதலில் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். வண்டியைக் கவிழ்த்துப் பெடல் தண்டுக்கு அடியில் பாருங்கள். அநேகமான வண்டிகளில் பிறேம் இலக்கம் அங்கேதான் குத்தியிருக்கும். சுரண்டி அழித்திருந்தால் உடனே திரும்புங்கள். இலக்கம் இருந்தால் "பைக் றெஜிஸ்ரர்" என்ற தேசியப் பதிவில் அது களவு போனதாகப் பதிந்திருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம். காசைக் கொடுத்ததும் பெயர், விலாசம், திகதி, இலக்கம் எழுதி ஒரு துண்டில் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அதே பதிவில் உங்கள் பெயரில் வண்டியைப் பதியுங்கள்.

உங்களுடையதும் களவு போகக் கூடாதே. பூட்டில் "சோல்ட் செக்கியூர்" முத்திரை பார்த்து வாங்குங்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று நாலு தரம். தங்கத் தரத்தில் டி வடிவப் பூட்டு நல்லது. பிறேமையும் பின் சில்லையும் சேர்த்து, நிலத்தில் பதித்த கம்பியோடு பூட்டுங்கள். மெல்லிய வயர்ப் பூட்டைக் குறடால் ஒரு நொடியில் வெட்டுவார்கள்.

சம்பளத்தில் கழித்து வாங்குதல்

"சைக்கிள் ரு வேர்க்" என்று ஒரு திட்டம் 1999 முதல் இருக்கிறது. முதலாளி வண்டியை எடுத்துத் தர, அந்தக் காசு வரி கழிக்க முதல் உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் கழிபடும். சாதாரண வரி கட்டுகிறவருக்கு வருமான வரி 20 வீதம், தேசியக் காப்புறுதி 8 வீதம் மிச்சம். 600 பவுண் வண்டியில் அது 168 பவுண். முடிவில் வண்டியைச் சொந்தமாக்க ஒரு சிறு தொகை கேட்பார்கள்.

ஆனால் ஒரு முடிச்சு உண்டு. கழிவு போக வரும் சம்பளம் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மட்டுமட்டாகக் குறைந்தபட்சச் சம்பளம் எடுக்கிற எங்கள் ஆட்களுக்கு இது கிடைக்காது. வரி மிச்சம் மிகவும் தேவையானவருக்கே இது கைக்கு எட்டாதது அநியாயம்தான். இரவு ஷிப்ற்றுக்கு மேலதிகக் காசு வாங்குகிறவர்கள், சுப்பவைசர் ஆனவர்கள் சம்பளப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஏஜென்சி ஆட்கள் ஏஜென்சியிடம்தான் கேட்க வேண்டும்.

வேலை செய்ய அனுமதி இல்லாமல் தஞ்ச வழக்கோடு இருப்பவர்களுக்கு வேறு வழி. பழைய வண்டிகளைத் திருத்தி அகதிகளுக்கு இலவசமாகக் கொடுக்க 2013 இல் லண்டனில் "த பைக் புரொஜெக்ற்" என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. இப்படியான உதவி இப்போது எங்கே கிடைக்கும் என்று உங்கள் வழக்கைப் பார்க்கும் அலுவலகத்திலும் கவுன்சிலிலும் விசாரியுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

றோட்டில் இறங்க முதல்

இருட்டில் முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற், சிவப்பு ஒளித்தெறிப்பான், பெடலில் மஞ்சள் ஒளித்தெறிப்பான், இவை சட்டம். றோட் பைக் சில பெடல் இல்லாமலே விற்கப்படும். பெடல் வாங்கும்போது ஒளித்தெறிப்பான் உள்ளதாக வாங்குங்கள். ஹெல்மற் சட்டம் இல்லை. ஆனாலும் போடுங்கள். குடும்பம் உங்களை நம்பி இருக்கிறது. நடைபாதையில் ஓடுவது குற்றம், பிடித்தால் 50 பவுண் தண்டம். 2022 ஜனவரியில் வந்த நெடுஞ்சாலை விதிப்படி, 30 மைல் வேகம் வரை போகும் கார்க்காரர் உங்களை முந்தும்போது ஒன்றரை மீற்றர் இடம் விட வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சாக்கடை மூடிமேல் ஓடத் தேவையில்லை.

எங்கள் பக்கத்துப் பாதைகள்: ஹேர்ட்போர்ட் றோட்டில் எட்மண்டன் கிறீனில் இருந்து பொண்டர்ஸ் எண்ட் பக்கம் பிரித்த சைக்கிள் பாதை இருக்கிறது. என்பீல்ட் கவுன்சிலுக்கு 2014 இல் கிடைத்த "மினி ஹொலண்ட்" காசின் பலன் அது. நகரத்துக்குப் போகிறவர்கள் டொட்டனத்தில் இருந்து லிவர்பூல் ஸ்ரீற் பக்கம் போகும் சைக்கிள்வே 1 ஐப் பிடிக்கலாம். லீ ஆற்றுக் கரைப் பாதை பகலில் வடிவு. இரவு ஷிப்ற் முடிந்து தனியே அதால் வர வேண்டாம். நோர்த் சேர்க்குலரில் இறங்கவே வேண்டாம்.

ஊரில் ஓடியவர்தானே என்று முதல் நாளே ஷிப்ற்றுக்கு வெளிக்கிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலைத்தலம் வரை ஓடிப் பாருங்கள். எவ்வளவு நேரம், எந்தச் சந்தி கஷ்டம், அங்கே வண்டியைப் பூட்ட இடம் உண்டா என்று தெரிந்துவிடும். வளர்ந்தவர்களுக்கும் சைக்கிள் பயிற்சி லண்டனில் உண்டு. இலவசமாகக் கிடைக்குமா என்று கவுன்சிலிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ரயர்களில் அநேகமானவற்றின் வால்கட்டை மெல்லியது. ஊர்ப் பம்ப் பிடிக்காது. மேலே உள்ள சிறு மரையைத் தளர்த்திவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். எவ்வளவு காற்று என்று ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பஞ்சர் ஒட்டுவதையும் செயினுக்கு எண்ணெய் போடுவதையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

வண்டி ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, வாங்கலாமா விடலாமா என்று யோசிப்பவர்கள் அதன் பெயர், அளவு, கேட்கும் விலை மூன்றையும் எழுதிப் பத்திரிகை விலாசத்துக்கு அனுப்புங்கள். காசு கொடுக்க முதல் அனுப்புங்கள்.